வேலி போட்ட குன்று

அஞ்சலகம், லார்க்கம்,
டார்செட்.
4 மார்ச் 1979

மதிப்பிற்குரிய திரு. ஹாலெட் அவர்களுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் அடுப்பில் போடாததற்கு முதலில் நன்றி. இங்கே எல்லோரும் நலம் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தக் குளிர்காலம் ஆளை உலுக்கி எடுத்துவிட்டது. ஜனவரியில் மூன்று நாள் தபால் வண்டியே வரவில்லை. தபால்காரன் பெர்ஸி மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பனியில் விழுந்து எழுந்து, வீடு வீடாகப் போய் இன்றைக்குக் கடிதம் எதுவும் இல்லை என்று சொல்லி, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தான். இங்கேயே இப்படி என்றால் நார்தம்பர்லாந்தில் உங்கள் பாடு எப்படியோ. உங்கள் தங்கையும் அவர் கணவரும் சௌக்கியம்தானே? பிப் இன்னும் மந்தைக்குப் போகிறதா? என் கணக்குப்படி அந்த நாய்க்கு இப்போது பத்து வயதாவது இருக்க வேண்டும்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். வெறுமனே நலம் விசாரிக்க எழுதவில்லை என்பதை ஒளிப்பானேன். லார்க்கம் இயற்கைச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் உங்களிடம் ஒரு விவரம் கேட்க வேண்டியிருக்கிறது.

குன்றில் வான்நீலப் பட்டாம்பூச்சிகள் குறைந்துகொண்டே வருகின்றன. நாங்கள் வேலி போட்ட 1972ஆம் வருஷம், ஆகஸ்ட் கடைசி வாரத்தில், அடிவாரக் கதவிலிருந்து பாதிரியார் மடிச் சரிவு வரை நான் நடந்த ஒரே நடையில் நானூற்றுப் பன்னிரண்டு எண்ணினேன். போன ஆகஸ்டில் அதே பாதை, அதே நேரம், அதே வெயில். பத்தொன்பது. சரியாகப் பார்க்கவில்லையோ என்று மறுநாளும் போனேன். பதினேழு.

முதலில் எழுபத்தாறாம் வருஷத்து வறட்சியைப் பழி சொன்னோம். பிறகு வலையும் கண்ணாடிப் பெட்டியுமாக லண்டனிலிருந்து வருகிறவர்களைப் பழி சொன்னோம். எங்கள் சங்கத்துக் கர்னல் ஆர்ம்ஸ்டெட் ஒரு வார இறுதி முழுவதும் புதருக்குப் பின்னால் ஒளிந்திருந்து கடைசியில் ஒரு பாதிரியாரைப் பிடித்தார். அவர் வெறும் மதிய உணவு சாப்பிட வந்தவர். இப்போது பழி சொல்ல ஆள் மிச்சமில்லை.

வேலி போட்ட முதல் கோடையில் நாங்கள் பெருமைப்பட்டது உண்மை. ஆட்டுக் கால் படாத குன்றில் பூ பூவாக வந்தது. ஊரே வந்து பார்த்தது. மூன்றாம் வருஷம் ஒரு முரட்டுப் புல் ஏறியது. அகலமாக, மஞ்சள் கலந்த பச்சையில், கையில் பட்டால் அறுக்கிற புல். உங்களுக்கு அது தெரிந்திருக்கும். இப்போது பாதிரியார் மடியில் அது என் முழங்கால் உயரம் நிற்கிறது. அதற்குள் விரலை விட்டுத் தேடினால்தான் குதிரைலாடக் கொடி அகப்படுகிறது. வான்நீலத்தின் புழு அந்த ஒரு கொடியைத் தவிர வேறெதையும் தின்னாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முள்மரக் கன்றுகள் வேறு எங்கே பார்த்தாலும் முளைத்துவிட்டன.

ஆகையால் கேட்கிறேன். உங்கள் காலத்தில் எந்த மாதத்தில் எத்தனை ஆடு, குன்றின் எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் மேய்ந்தன? ஒரு பட்டியலாக எழுதி அனுப்பினால் சங்கத்துக்குப் பேருதவியாக இருக்கும். தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
(செல்வி) மார்ஜரி டேகம்,
செயலாளர்

பி.கு. இதை இங்கே போட்டால் முத்திரை குத்துவதும் நான், பையில் கட்டுவதும் நான் என்றாலும், பெர்ஸி கண்ணில் படாமல் போகாது. பஸ் ஏறிப் பக்கத்து டவுனில் போடப்போகிறேன்.


லார்க்கம்,
22 ஏப்ரல் 1979

அன்புள்ள திரு. ஹாலெட்,

உங்கள் பதில் வந்தது. பக்கத்து டவுன் வரை பஸ்ஸில் போனதெல்லாம் வீண். பெர்ஸி பையை மேஜையில் கவிழ்த்ததுமே அதைத்தான் எடுத்தான். ‘மிஸ் டேகம், நார்தம்பர்லாந்து முத்திரை! நம்ம ஆட்டுக்காரரு உங்களுக்கு லவ் லெட்டர் போட்டிருக்காரு பாருங்க’ என்று அஞ்சலகக் கடையில் நின்ற ஆறு பேருக்கும் கேட்கும்படி சொன்னான். நான் அதை வாங்கி அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டேன். அங்கேயே பிரித்து வாசித்துக் காட்டியிருந்தால் ஊரின் சந்தேகம் அன்றே தீர்ந்திருக்கும்.

நாலு வரி. ‘ஆடு கடிச்சா புல்லு குட்டையா நிக்கும். புல்லு குட்டையா இருந்தா வெயில் மண்ணுல படும். பட்டியல் எல்லாம் எனக்குப் போடத் தெரியாது. மத்ததை அன்னிக்கு ஹால்ல எழுந்து நின்னு பேசினவங்ககிட்டயே கேட்டுக்கங்க.’

பேசினது நான்தான். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் அந்த முதல் இரண்டு வரியை நான் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். வாசித்ததும், எங்கள் கூட்டங்களுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கும் ப்ரையனி கோல் என்ற பெண் எழுந்து நின்றாள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்து குன்றிலேயே கிடக்கிறாள். கிடக்கிறாள் என்றால் உண்மையிலேயே கிடக்கிறாள். நாளெல்லாம் குப்புறப் படுத்து, வெப்பமானியை மண்ணில் செருகி எறும்பு பார்ப்பது அவள் வேலை. ‘இதை யாரு எழுதினது? நான் ரெண்டு வருஷமா அளந்து கண்டுபிடிச்சதை இவரு ரெண்டு வரில எழுதிட்டாரே’ என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

அவள் சொல்வது இது. புல் இரண்டு விரல் உயரம் இருக்கும் இடத்தில் மண் சூடாக இருக்கிறது. முழங்கால் புல்லுக்கு அடியில் அதே மண், அதே மதியம், ஏழு டிகிரி குறைவு. சூடு குறைந்தால் எறும்பு இருக்காது. வான்நீலத்தின் புழு தன் உடம்பிலிருந்து ஒரு சொட்டுத் தித்திப்பைக் கசியவிடுமாம். அதற்காக எறும்புகள் புழுவைச் சுற்றிக் காவல் நிற்கும். குளவியும் வண்டும் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டு, பொழுது சாய்ந்தால் மண்ணைத் தோண்டி அதை உள்ளே வைத்து மூடும். ‘எறும்பு குடி பெயர்ந்துடுச்சு, மிஸ் டேகம். காவக்காரன் போனப்புறம் வீட்ல என்ன மிஞ்சும்?’ என்று கேட்டாள். நாங்கள் வேலி போட்டுக் காவல் நின்றது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

ஆட்டுக் கால் பட்ட இடத்தில்தான் எறும்பு ஏறும் என்று நீங்கள் ஒரு தடவை மணியார்டர் படிவம் எழுதிக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள். எறும்புக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உங்களைத் திருத்தினேன். நீங்கள் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அன்றே என்னோடு சண்டை போட்டிருக்கலாம்.

புல்லை வெட்டிவிடலாம் என்றார் கர்னல். ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் அரிவாளோடு போனோம். மதியம் வரை வெட்டினோம், மதியத்துக்குப் பிறகு சாண்ட்விச் சாப்பிட்டோம். வெட்டிய புல்லை வாரி அப்புறப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது அங்கேயே அழுகி, அடியிலிருந்த கொஞ்சநஞ்சத்தையும் மூடியது. அடுத்த வாரம் கர்னல் தன் புல் வெட்டும் யந்திரத்தைக் கொண்டுவந்தார். அது நூறு வருஷத்து எறும்புப் புற்று பதினாலின் தலையைச் சீவிவிட்டு, சரிவில் கையை விட்டு நழுவி, கீழே பிட்ஃபீல்ட் அம்மாளின் பண்ணைக் கோழிக்கூட்டில் போய் முட்டி நின்றது. கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. ப்ரையனி அந்தப் புற்றுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

கோழிக்கூட்டைப் பார்க்க வந்த பிட்ஃபீல்ட் அம்மாள்தான், என் ஆடுகள் முப்பதை வேலிக்குள் விட்டுப் பாருங்களேன் என்றார். ஏப்ரல் முதல் தேதி விட்டோம். மூன்று வாரமாகிறது. ஆடுகள் அடிவாரத்தில் பசும்புல் இருக்கும் மூலையை மொட்டையடித்துவிட்டு அங்கேயே படுத்துக் கிடக்கின்றன. பாதிரியார் மடி இருக்கும் திசைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த முரட்டுப் புல்லை அது தளிர்விடும் பருவத்தில் ஆட்டை மறித்து நிறுத்தித் தின்ன வைக்க வேண்டுமாம், முற்றினால் எந்த ஆடும் வாய் வைக்காதாம். அதை எங்களுக்குச் சொன்னதும் அவர்தான். ‘ஆடு எங்கிட்ட நூத்தி இருபது இருக்கு. மேய்க்கத் தெரிஞ்ச ஆளைத்தான் நீங்கல்லாம் சேந்து தொரத்திட்டீங்க’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, கோழிக்கூட்டுக்குப் புதுக் கதவும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மே பாதியில் இந்த வருஷத்தின் முதல் ஈடு பட்டாம்பூச்சிகள் வெளிவரும். எண்ணிவிட்டு எழுதுகிறேன். வேறொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு இன்று கை வரவில்லை. உங்கள் தங்கைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மார்ஜரி டேகம்


லார்க்கம்,
17 ஜூன் 1979

அன்புள்ள கில்பர்ட்,

இதைச் சங்கத்தின் தாளில் எழுதவில்லை. உங்களைப் பேர் சொல்லி அழைப்பதும் இதுதான் முதல் தடவை. பிடிக்கவில்லை என்றால் அடித்துவிட்டு மேலே படியுங்கள்.

ஏழு. மே இருபதிலிருந்து இன்று வரை நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் பதினோரு தடவை நடந்தேன். ஒரே நாளில் நான் பார்த்த அதிகபட்சம் ஏழு. எல்லாம் பாதிரியார் மடியின் மேல் விளிம்பில், பழைய முயல் வளை சரிந்து சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிற ஒரு துண்டு இடத்தில். மேஜை விரிப்பு அகலம்தான் இருக்கும். மற்ற இடமெல்லாம் புல் காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்துகொண்டிருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஊர்க்காரர்கள் படம் எடுக்கிறார்கள்.

இப்போது எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

1972 ஜூன் எட்டாம் தேதி, வியாழக்கிழமை, ஊர் ஹாலில் கூட்டம். அதற்கு முந்தின நாள் காலையில், முதல் நாள் சாயங்காலம் வரை நன்றாக நின்ற ‘முனை கருகிய ஆர்கிட்’ செடிகள் பதினொன்றும் கடிபட்டுக் கிடப்பதை நான் பார்த்தேன். டார்செட்டில் அது முளைக்கிற இடங்களை விரல்விட்டு எண்ணலாம். தண்டோடு தலை போயிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கடிபட்ட தண்டுகளைச் சேகரித்து ஒரு சிகரெட் அட்டைப் பெட்டியில் வைத்துக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். ஹாலெட்டின் ஆடுகள் செய்த வேலை இது, இந்த மந்தை குன்றில் இருக்கும்வரை இங்கே எதுவும் மிஞ்சாது என்று நின்றுகொண்டு பேசினேன். பெட்டி கை மாறிக் கை மாறிப் போனது. நீங்கள் கடைசி வரிசையில் எழுந்து, ‘அது என் ஆடு இல்லீங்க’ என்று மட்டும் சொன்னீர்கள். யாரும் கேட்கவில்லை. குன்றின் மேய்ச்சல் குத்தகையை உங்களிடமிருந்து சங்கத்துக்கு மாற்றித் தரும்படி, நிலத்துக்குச் சொந்தமான எஸ்டேட்டுக்கு எழுதுவதென்று எல்லோரும் கை தூக்கினோம்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இனிமேல் எழுதுவது உங்களுக்குத் தெரியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பெர்ஸி தபால் பிரித்துக்கொண்டே, ‘ஏன் மிஸ் டேகம், ஹாலெட்டோட ஆடுங்க திங்கக்கிழமையிலேர்ந்து பிட்ஃபீல்ட் கொட்டாயில ரோமம் கத்திரிக்க நிக்குதே, அதுங்க எப்படி புதன்கிழமை மலைல போய் பூ தின்னுச்சு?’ என்று கேட்டான். நான் அவனை வேலையைப் பார் என்று அதட்டினேன். மதியம் கடையைச் சாத்திவிட்டுப் பிட்ஃபீல்ட் பண்ணைப் பக்கம் நடந்தேன். வேலியோரம் நின்றே பார்த்தேன். இருநூறு ஆடும் அங்கே நின்றன. பாதி ரோமத்தோடு, பாதி இல்லாமல். நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்றை மடியில் போட்டுக் கத்திரித்துக்கொண்டிருந்தீர்கள்.

முயலோ மானோ தின்றிருக்கும். எஸ்டேட்டுக்கான கடிதம் அப்போது என் மேஜையில்தான் இருந்தது, கில்பர்ட். முத்திரைகூடக் குத்தவில்லை. கிழித்துப் போட்டிருக்கலாம். கர்னலிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆர்கிட்டைத் தின்றது வேறு எதுவாக இருந்தாலும், ஆடு போனால் குன்றுக்கு நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு மணிப் பையில் அதைக் கட்டி அனுப்பினேன்.

நான் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று எழுத வந்து, அந்த வரியை இரண்டு தடவை அடித்துவிட்டேன். எண்ணம் நல்லதாக இருந்ததால்தான் ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்தது.

வேலிக்குள் பத்திரமாக வைத்த ஆர்கிட்டுகள் நாலாம் வருஷத்திலிருந்து ஒன்றுகூட வரவில்லை. புல் மூடிவிட்டது.

நீங்கள் மந்தையை விற்ற அன்று நான் வெளியே வரவில்லை. லாரிகள் அஞ்சலகத்தைத் தாண்டித்தான் போயின. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உள்ளே தபால்தலை எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் நீங்கள் முகவரி மாற்றும் படிவம் எழுத வந்தீர்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றீர்கள் என்று இப்போது நினைக்கிறேன். நான் படிவத்தை வாங்கி முத்திரை குத்தினேன். ‘மலையைப் பார்த்துக்கங்க, மிஸ் டேகம்’ என்றீர்கள். குத்திக் காட்டுகிறீர்கள் என்று அப்போது நினைத்தேன். இல்லை, மனதாரத்தான் சொன்னீர்கள்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் மந்தைக்கு, உங்கள் வீட்டுக்கு, அந்நிய ஊரில் மச்சினன் பண்ணையில் கூலிவேலை செய்ய வேண்டி வந்ததற்கு. இதைச் சங்கத்திலும் சொல்லப்போகிறேன். உங்களுக்கு முதலில் தெரிய வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மார்ஜரி


லார்க்கம்,
9 செப்டம்பர் 1979

அன்புள்ள கில்பர்ட்,

பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்று நானே எழுதிவிட்டு, பன்னிரண்டு வாரமாக ஒவ்வொரு பையையும் முதலில் நான்தான் கவிழ்க்கிறேன். பெர்ஸி இப்போது கேலி செய்வதில்லை. ‘இன்னிக்கும் இல்லைங்க’ என்று தானாகவே சொல்லிவிடுகிறான். அவன் கேலி செய்தாலே தேவலை போலிருக்கிறது.

உடம்பு நன்றாக இருக்கிறதா? உங்கள் பக்கம் ஆகஸ்டில் வெள்ளம் என்று வானொலியில் சொன்னார்கள். பிப் நலமா? இங்கே வெயிலுக்குக் குறைவில்லை. ஆப்பிள் நன்றாகக் காய்த்திருக்கிறது. கர்னலுக்கு முழங்கால் வீங்கி, கூட்டத்துக்கு வரும்போது கைத்தடி ஊன்றுகிறார்.

ஜூலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். அதே ஹால். ஆர்கிட்டை ஆடு தின்னவில்லை, அது எனக்கு மறுநாளே தெரியும், தெரிந்தே கடிதத்தை அனுப்பினேன் என்று நின்றுகொண்டு சொன்னேன். பிறகு கர்னல், ‘அன்னைக்கு நாங்களும்தானே கை தூக்கினோம்? ஒருத்தராவது போய் ஆடு எங்க நிக்குதுன்னு பார்த்தோமா?’ என்றார். மனுஷர் அதோடு உட்கார்ந்திருக்கலாம். பெருந்தன்மையாக முடித்துவைக்கிறேன் என்று, நடந்தது நடந்துவிட்டது, அடுத்த விஷயத்துக்குப் போவோம் என்றார். பிட்ஃபீல்ட் அம்மாள் விடவில்லை. ‘அடுத்த விஷயமா? அந்த மனுஷன்கிட்ட யாரு மன்னிப்பு கேக்கறது, உங்க குதிரையா?’ என்று கேட்டார். முடிவில், வேலியை எடுப்பது, அவருடைய நூற்றிருபது ஆடுகளையும் குன்றில் விடுவது, உங்களுக்குச் சங்கத்தின் பேரில் ஒரு வருத்தக் கடிதம் எழுதுவது என்று தீர்மானமானது. அந்தக் கடிதமும் இந்த உறைக்குள்தான் இருக்கிறது. கர்னல் எழுதியது. அதில் ‘துரதிர்ஷ்டவசமான’ என்ற வார்த்தை ஐந்து இடத்தில் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர் பதவியை ராஜினாமா செய்தேன். ஏற்க மாட்டேன் என்கிறார்கள். எண்ணுவதற்கு வேறு ஆள் இல்லையாம்.

எண்ணினேன். ஆகஸ்டில் வந்த இரண்டாம் ஈடு, நாலு. மூன்று ஆண், ஒரு பெண். ஆணின் நீலம் இந்த வருஷம் எனக்குத் தாங்க முடியாத நீலமாகத் தெரிந்தது. ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி அந்தப் பழுப்புப் பெண்பூச்சி, வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிற அந்தத் துண்டு இடத்தில், அரை அங்குலக் குதிரைலாடக் கொடியின் இலைக்கு அடியில் முட்டையிட்டதை நானும் ப்ரையனியும் பக்கத்தில் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தோம். இருபத்தாறு முட்டை. ஒவ்வொரு முட்டையிடும் இடத்தையும் அது காலால் தட்டித் தட்டிச் சோதித்தது. நான் அறுபதை நெருங்குகிறவள். புல்லில் முகத்தை வைத்து அழுதேன். ப்ரையனி பார்க்காத மாதிரி வெப்பமானியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த முட்டைகள் பொரிந்து, புழு கடுகளவில் இருக்கும். குளிர்காலம் முழுவதும் அப்படியே கிடக்கும். அக்டோபரில் ஆடு ஏறி, பிப்ரவரிக்குள் மடி முழுவதும் புல் குட்டையாகிவிட்டால், வசந்தத்தில் வெயில் மண்ணில் படும், எறும்பு திரும்பும், புழு பிழைக்கும் என்கிறாள். இந்தக் குளிர்காலமும் புல் அப்படியே நின்றால் அவ்வளவுதான். அடுத்த வருஷம் நான் எண்ணப் போக வேண்டியதில்லை. ஆடுகளை அந்த முட்டை இருக்கும் இடத்தில் அதிக நேரம் நிறுத்தவும் கூடாது, மற்ற இடத்தில் விட்டுவிடவும் கூடாது. காலையில் மடியில் மறித்து, வெயில் ஏறும்போது மேலே திருப்பி, சாயங்காலம் வயலில் கிடை போட வேண்டும். இதையெல்லாம் வேலி செய்யாது.

வேலைக்கு ஆள் கேட்டுப் பத்திரிகையில் ‘மேய்ப்பர் தேவை’ என்று விளம்பரம் கொடுக்கும்படி ஜூலையிலேயே தீர்மானம். எஸ்டேட் குன்றடியில் உங்கள் பழைய வீட்டையே தருகிறது. கூரை ஒழுகுகிறது, ஆனால் அடுப்பு நன்றாக எரிகிறது. போய்ப் பற்றவைத்துப் பார்த்தேன். சம்பளம் கர்னல் கடிதத்தில் இருக்கிறது. பிட்ஃபீல்ட் அம்மாள் இன்னும் ஐந்து வருஷத்தில் மந்தையில் பாதியை வருகிறவர் பேருக்கே மாற்றித் தருவதாகச் சொல்கிறார். விளம்பரத்தை எழுதிப் போட வேண்டியது செயலாளர்.

எழுதிவிட்டேன். உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். ஏழு வாரமாக அது என் மேஜையில் இருக்கிறது. கமிட்டியில் கேட்டால் விளம்பரத்துக்குப் பதில் வரவில்லை என்று சொல்கிறேன். அது பொய் இல்லை, ஆனால் நல்ல உண்மையும் இல்லை.

மேய்க்கத் தெரிந்த யார் வந்தாலும் நீலங்களுக்குப் போதும், முட்டை இருக்கும் இடத்தைத் தானே காட்டுவதாக ப்ரையனி சொல்கிறாள். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். வில்ட்ஷயர் பக்கம் நல்ல ஆட்கள் இருக்கிறார்களாம். விளம்பரம் போட்டிருந்தால் இந்நேரம் ஒருவர் வந்து வேலையை ஆரம்பித்திருப்பார்.

அன்று அந்த நாலு மணிப் பையில் கடிதத்தை உடனே கட்டி அனுப்பினேன், நீலங்களுக்காக. இன்று ஒரு கடிதத்தை அனுப்பாமல் வைத்திருக்கிறேன், உங்களுக்காக. இருபத்தாறு புழுக்களை உங்களுக்காகக் காக்க வைத்திருக்கிறேன், கில்பர்ட். இது இரண்டாவது தப்பு என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்தேதான் செய்கிறேன். இதைப் ப்ரையனியிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

செப்டம்பர் முப்பது வரை வைத்திருப்பேன். அதற்குமேல் அந்தப் புழுக்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது. அக்டோபர் முதல் தேதி காலை விளம்பரத்தைப் பையில் போட்டுவிடுவேன்.

மன்னிக்கத்தான் வேண்டும் என்று இல்லை. மன்னிக்காமலும் ஆடு மேய்க்கலாம். தினமும் அஞ்சலகத்தைத் தாண்டிப் போகும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டாம். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட மாட்டேன், அவ்வளவுதான்.

கடவுள் உங்களுக்கு நல்ல உடம்பையும், வழியெல்லாம் நல்ல வெயிலையும் கொடுக்கட்டும். மாதம் முடிய மூன்று வாரம் இருக்கிறது. வாருங்கள்.

மார்ஜரி